கோலோச்சுவோரே, கணக்குக் காட்டுங்கள்!

1956ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள். பொழுது புலராத வேளை. பெருமழை பெய்து மருதையாறு கரைபுரண்டு ஓடுகிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூரைக் கடந்து விரைகிறது. வண்டிக்குள்ளே உறக்கம். பிள்ளையை மடியில் கிடத்திய தாய்மார், வேலை தேடி அலைந்து ஊர் திரும்பும் இளைஞர், கடைச்சரக்குக்காகச் சென்று வரும் சிறு வணிகர் — ஏறும்போது அவரவர் கையில் ஒரு சீட்டு இருந்தது. அந்தச் சீட்டுக்குப் பொருள் என்ன? "காசைக் கொடுத்தேன், என்னைப் பத்திரமாகக் கொண்டு சேர்" என்பதுதான். ஆற்றின்மீது பாலம் இருக்கிறது என்று நம்பி ஓடியது வண்டி. பாலத்தை வெள்ளம் தின்றுவிட்டிருந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அந்த ஆற்றோடு போயின.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் மகபூப்நகரில் ஒரு பாலம் இடிந்து நூறு பேருக்கு மேல் மாண்டிருந்தனர். அப்போதே இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மீண்டும் கடிதம் தந்தார், இம்முறை ஏற்கப்பட்டது. விபத்துக்கு அவர் நேரடிப் பொறுப்பாளர் அல்லர். ஆயினும் ஆட்சிமுறையில் ஒரு நல்ல மரபு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்திலே நேரு விளக்கினார்.

மாற்றுக் கட்சியாரானாலும் அந்தச் செயலைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தீர்ப்புத் தவறியது தெரிந்த நொடியிலே அரியணையில் வீழ்ந்து உயிர்விட்ட பாண்டியன் கதையைச் சிலம்பிலே படித்து வளர்ந்தவர்கள் நாம். தவறு நேர்ந்தால் தலைகுனிபவனை மதிக்கத் தெரியும் நமக்கு.

ஆனால் நண்பர்களே, அந்தக் கதையிலேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பாண்டியனுக்கு நெஞ்சு இருந்தது, அதனால் வீழ்ந்தான். நெஞ்சில்லாத பாண்டியனாக இருந்திருந்தால்? கண்ணகியைக் காவலரைக் கொண்டு வெளியேற்றி, "விசாரணைக் குழு அமைத்திருக்கிறேன், அதன் அறிக்கை வரட்டும்" என்று சொல்லி, அடுத்த வழக்கைக் கூப்பிட்டிருந்தால்? என்ன செய்திருப்பாள் அவள்? என்ன செய்திருக்கும் மதுரை?

அரியலூரில் சாஸ்திரி விலகியது அவருடைய பெருந்தன்மை. அது மக்கள் பெற்ற உரிமையாக ஆகவில்லை. பெருந்தன்மை ஆளோடு வரும், ஆளோடு போகும். உரிமை என்பது ஏட்டிலே எழுதப்பட்டு, எவன் வந்தாலும் அவனைக் கட்டுவது. பெருந்தன்மையை மரபு என்று சொல்லி மகிழ்ந்த நாம், அந்த மரபைச் சட்டமாக்க மறந்தோம். அந்த மறதிக்குத்தான் இன்றுவரை விலை கொடுத்து வருகிறோம்.

என்ன விலை என்கிறீர்களா? அந்த வண்டி போய்ச் சேரவேண்டிய ஊர் தூத்துக்குடி. அதே தூத்துக்குடியில் 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், நச்சுப்புகை வேண்டாம் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது. பதின்மூவர் மாண்டனர். காவல்துறையைத் தம் கையில் வைத்திருந்த அன்றைய முதலமைச்சர், தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் செய்தி அறிந்ததாகச் சொன்னார். விலகினாரா? இல்லை. அவருக்குக் கீழே எந்த அமைச்சரேனும்? இல்லை.

2023ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள், ஒடிசாவின் பாலாசோரில் மூன்று வண்டிகள் மோதி இருநூற்றுத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். அரியலூரைப் போல இரண்டு மடங்கு பிணங்கள். இரயில்வே அமைச்சர் விலகினாரா? இல்லை.

2024ஆம் ஆண்டு சூன் திங்களில், பெரம்பலூருக்குச் சற்று வடக்கே கள்ளக்குறிச்சியில், கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகள் மாண்டனர். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மதுவிலக்கைத் தம் துறையாக வைத்திருந்த அமைச்சர்? அவர் அமைச்சராகவே இருந்தார்.

மூன்று நிகழ்ச்சிகள், மூன்று கட்சிகளின் ஆட்சிகள். ஒரு கட்சியைத் திட்ட இன்னொரு கட்சியின் பிணக்கணக்கை எடுத்துக் காட்டும் எழுத்து அல்ல இது. எந்தக் கொடி பறந்தாலும் கொடிக்கம்பத்தின் அடியில் இருக்கும் பள்ளம் ஒன்றுதான் என்பதைக் காட்டவே மூன்றையும் வரிசைப்படுத்தினேன். நம்முடைய ஆட்சி என்றால் மௌனம், மாற்றான் ஆட்சி என்றால் முழக்கம் என்று எழுதுபவனுடைய பேனாவில் இருப்பது மையல்ல, வெறும் சாயம்.

இதைக் கேட்டால் ஆள்வோரிடமிருந்து இரண்டு பதில்கள் வருகின்றன. "குற்றம் செய்திருந்தால் நீதிமன்றம் இருக்கிறது" என்பது ஒன்று. "பிடிக்காவிட்டால் தேர்தல் இருக்கிறது" என்பது மற்றொன்று. கேட்பதற்கு நேர்மையான பதில்கள்தாம். இரண்டையும் உரைத்துப் பார்ப்போம். உரைகல்லைத் தேடி வேறெங்கும் போகவேண்டாம், நம் பெரம்பலூரிலேயே இருக்கிறது.

முதலில் நீதிமன்றம். 1996, 1999, 2004 ஆகிய மூன்று தேர்தல்களில் பெரம்பலூர்த் தனித்தொகுதி ஆ. இராசாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 2007இல் அவர் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை அமைச்சரானார். 2008ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அலைக்கற்றை உரிமத்துக்கான ஒப்புதல் கடிதங்கள் ஒரே நாளில் வழங்கப்பட்டன. அதனால் அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பு 1,76,000 கோடி ரூபாய் வரை என்று தலைமைத் தணிக்கையாளர் மதிப்பிட்டார். 2010 நவம்பர் 14இல் அமைச்சர் பதவி விலகினார். 2011 பிப்ரவரி 2இல் கைது. பதினைந்து மாதச் சிறை. சரியாக ஓராண்டு கழித்து, 2012 பிப்ரவரி 2இல், 122 உரிமங்களையும் உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. 2017 டிசம்பர் 21இல் தனி நீதிமன்றம் அவரையும் மற்றவர்களையும் விடுதலை செய்தது. சான்று வருமா, வருமா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தேன், வரவில்லை என்று நீதிபதி எழுதினார். 2018இல் மேல்முறையீடு. அந்த மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது எப்போது தெரியுமா? 2024 மார்ச்சுத் திங்களில்!

இந்த ஆண்டுக்கணக்கை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். அவர் குற்றவாளி என்று நம்புவோர் இருக்கிறார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பைக் காட்டுவோரும் இருக்கிறார்கள். அந்த வழக்காடலுக்குள் நான் புகவில்லை. நான் கேட்பது பெரம்பலூர் வாக்காளனுக்காக. குற்றம் நடந்தது என்றால், அவன் வாக்கை வாங்கிச் சென்றவரால் நாட்டுக்கு நேர்ந்த இழப்புக்கு யார் பதில் சொன்னார்கள்? குற்றம் நடக்கவில்லை என்றால், அவன் தேர்ந்தெடுத்த உறுப்பினர் சிறையில் கழித்த பதினைந்து மாதங்களுக்கு யார் பதில் சொன்னார்கள்? எப்படிப் பார்த்தாலும் ஒருவர் கணக்குக் காட்டியாக வேண்டும், எவரும் காட்டவில்லை. நீதி தாமதமானால் குற்றவாளிக்குக் கொண்டாட்டம், குற்றமற்றவனுக்குத் திண்டாட்டம், குடிமகனுக்கு இருட்டு. இதைத்தான் "நீதிமன்றம் இருக்கிறது" என்று சொல்லி நம்மைத் தேற்றுகிறார்கள்!

தாமதத்துக்கு மருந்து என்று 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் நாடாளுமன்றத்துக்கு ஒரு சட்டமுன்வடிவு வந்தது. அரசியல் சட்டத்தின் 130ஆவது திருத்தம். ஐந்தாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் முப்பது நாள் தொடர்ந்து காவலில் வைக்கப்பட்டால், பிரதமரானாலும் முதலமைச்சரானாலும் அமைச்சரானாலும் பதவி போகும் என்றது அது. கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. நோய் உண்மை, மருந்தோ நஞ்சு. கைது செய்யும் கை எது? காவல்துறையின் கை. அந்தக் கையை அசைக்கும் தலை எது? அதிகாரத்தில் இருக்கும் கட்சி. பதினைந்து மாதம் சிறையில் இருந்தவர் பிறகு விடுதலையான கதையை இப்போதுதான் படித்தோம். கைதே குற்றத்துக்குச் சான்றாகுமா? சிறைக்கதவின் சாவியைத் தில்லியில் வைத்துக்கொண்டு, மாநிலத்து மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சரை முப்பது நாளில் இறக்கலாம் என்றால், பொறுப்புக் கேட்பது வாக்காளனா, காவல் அதிகாரியா? பொறுப்பு என்பது கீழேயிருந்து மேலே கேட்கப்படுவது. மேலேயிருந்து கீழே வீசப்படுவதற்குப் பெயர் பொறுப்பன்று, மிரட்டல்.

இனி இரண்டாவது பதில்: "தேர்தல் இருக்கிறது." இருக்கிறதா? எப்படி இருக்கிறது?

ஒரு காலம் இருந்தது. 1956ஆம் ஆண்டு மே திங்களில், திருச்சியில் கூடிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாநில மாநாட்டில், தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதையே மாநாட்டுக்கு வந்தோரிடம் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். அன்று பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவை. பெட்டி வைத்தார்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் "நிற்போம்" என்று வாக்களித்தார்கள். அதே ஆண்டின் கடைசியில் மருதையாறு பொங்கிற்று. அப்போது இரயில்வே துணையமைச்சராக இருந்தவர் தமிழகத்தவரான ஓ.வி. அழகேசன். ஆண்டது போதாதா, மாண்டது போதாதா என்று அவரைச் சுட்டிக் கேட்ட முழக்கம் சுவரெங்கும் ஏறிற்று, தெருவெங்கும் ஒலித்தது. காகிதமும் காவிக்கல்லும்தான் செலவு. கேள்விதான் ஆயுதம். பிணத்துக்குக் கணக்குக் கேட்கும் இடமாகத் தேர்தல் மேடை இருந்தது.

இன்று அந்த மேடையில் என்ன நடக்கிறது? அரியலூரிலிருந்து கொள்ளிடத்துக்கு அக்கரை தஞ்சாவூர் மாவட்டம். 2016ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில், தஞ்சாவூர், அரவக்குறிச்சி ஆகிய இரு தொகுதிகளிலும் பணம் ஆறாய் ஓடுகிறது என்று சொல்லித் தேர்தலையே நீக்கியது தேர்தல் ஆணையம். 2017 ஏப்ரலில் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல், அதே காரணத்துக்காக நீக்கப்பட்டது. வருமான வரித்துறை சோதனையில் சிக்கிய தாள்களில் 89 கோடி ரூபாய் அளவில் பங்கீட்டுக் குறிப்பு இருந்ததாக ஏடுகளில் செய்தி வந்தது. பார்த்தீர்களா, கணக்கு எழுதத் தெரியாதவர்கள் அல்லர் நம் அரசியல்வாதிகள். மக்களுக்குக் காட்டும் கணக்கைத்தான் எழுதமாட்டார்கள்! 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தலும் நீக்கப்பட்டது.

சரி, நீக்கினார்கள். பிறகு? சில மாதங்கள் கழித்து நான்கு இடங்களிலும் தேர்தல் நடந்தது. முதன்மை வேட்பாளர்கள் யார்? அதே முகங்கள்! எந்தத் தேர்தலில் பணம் பாய்ந்தது என்று ஆணையமே சொல்லிற்றோ, அந்தத் தேர்தலின் வேட்பாளர்கள் மீண்டும் மாலையோடு வந்து நின்றார்கள். வென்றவர்கள் அவைக்கும் சென்றார்கள். அதுவரை உறுப்பினர் இல்லாமல், கேட்க நாதியில்லாமல் காத்திருந்தது யார்? தொகுதி மக்கள். திருடு போன வீட்டுக்காரனுக்குத் தண்டனை. திருடனென்று ஐயுறப்பட்டவனுக்கு இரண்டாம் வாய்ப்பு! இந்த விந்தை நீதி எந்த நூலில் இருக்கிறது?

ஒரு தேதிப் பொருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அலைக்கற்றை வழக்கில் தில்லியிலே தீர்ப்பு வந்த நாள் 2017 டிசம்பர் 21. சென்னையிலே நீக்கப்பட்ட அந்த இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு மீண்டும் நடந்த நாளும் அதே டிசம்பர் 21. ஓரிடத்தில் ஏழாண்டு கழித்து விடை கிடைக்காத வழக்கு. மற்றோரிடத்தில் எட்டு மாதம் கழித்தும் கேள்வி கேட்கப்படாத தேர்தல். "நீதிமன்றம் இருக்கிறது, தேர்தல் இருக்கிறது" என்ற இரண்டு பதில்களும் ஒரே நாளில், ஒரே வெயிலில், வெளுத்துக் கிடந்தன.

சட்டம் என்ன செய்கிறது? வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நீக்கலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58அ பிரிவு சொல்கிறது. அரிவாளோடு வந்து பெட்டியைத் தூக்கினால் குற்றம் என்று சட்டத்துக்குத் தெரிகிறது. பணக்கட்டோடு வந்து வாக்காளனையே தூக்கினால் தேர்தலை நீக்க அதில் தனிப்பிரிவு இல்லை. அரசியல் சட்டத்தின் 324ஆம் பிரிவு தரும் பொது அதிகாரத்தை வைத்துத்தான் ஆணையம் நீக்கியது. கையூட்டு குற்றமே, தண்டனை பெற்றால் ஆறாண்டு போட்டியிட முடியாது. ஆனால் தண்டனை எப்போது வரும்? முதல் பதிலில் பார்த்தோமே, அப்போது வரும்!

செலவுக்கு வரம்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2022 முதல் பெரிய மாநிலங்களில் நாடாளுமன்ற வேட்பாளருக்கு 95 இலட்சம் ரூபாய். சட்டமன்ற வேட்பாளருக்கு 40 இலட்சம். வேட்பாளருக்குத்தான் வேலி, அவரை நிறுத்திய கட்சிக்கு வேலியே இல்லை. கட்சியின் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே என்ன செய்தது அன்றைய காங்கிரசு ஆட்சி? தீர்ப்புக்குப் பணியவில்லை, சட்டத்தையே திருத்தி, கட்சி செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்று எழுதிக்கொண்டது. அதன்பின் எத்தனை ஆட்சிகள் வந்தன? எத்தனை கட்சிகள் மேடையில் ஊழலை ஒழிப்போம் என்றன? அந்த ஓட்டையை அடைத்தவர் எவர்?

அடைக்கவில்லை, அகலப்படுத்தினார்கள். கொடுப்பவன் பெயர் மக்களுக்குத் தெரியாமலே கட்சிக்குப் பணம் கொடுக்க வழிசெய்யும் தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் வந்தது. அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. பட்டியல் வெளிவந்தபோது பெருந்தொகை பெற்றது ஒன்றிய ஆட்சியிலிருந்த பாரதிய சனதா கட்சி என்று தெரிந்தது. நம் பக்கமும் பார்ப்போம்: திராவிட முன்னேற்றக் கழகம் பெற்றது 656.5 கோடி ரூபாய். அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது. லாட்டரிச் சீட்டு ஏழைக் குடும்பங்களைக் கெடுக்கிறது என்று 2003 முதல் தமிழ்நாட்டில் தடை. சீட்டு விற்கக்கூடாத நாட்டில், சீட்டு விற்ற பணம் கட்சிக் கருவூலத்துக்கு வரலாம்! சட்டப்படி வாங்கினோம் என்பார்கள். உண்மை. அந்தச் சட்டம்தான் செல்லாது என்று தீர்ப்பாயிற்றே!

"மக்கள் மட்டும் யோக்கியமா? கை நீட்டிக் காசு வாங்குகிறார்களே" என்று ஒரு குரல், குளிர்ந்த அறையிலிருந்து எப்போதும் கேட்கும். அந்தக் குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பெரம்பலூரில் சின்ன வெங்காயம் போட்டு விலை விழுந்து கலங்கும் உழவன், அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றி ஓடும் லாரிகளின் புழுதியைக் குடித்து வாழும் பாட்டாளி, செயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பில் குனிந்து கொட்டை பொறுக்கும் பெண் — இவர்களுக்கு வாக்கு என்பது யாரும் போட்ட பிச்சையன்று. வெள்ளையன் காலத்தில் சொத்துள்ளவனுக்கும் வரி கட்டியவனுக்குமே வாக்கு. 1952இல்தான் முதன்முதலாக, நிலமிருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுதப்படிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஒரே ஒரு வாக்கு என்று பொதுத்தேர்தல் வந்தது. அந்தச் சமன்பாட்டைப் பொறுக்க முடியாதவர்கள்தாம், பறிக்க முடியாததை விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள்.

வாங்குபவன் கணக்கைப் பாருங்கள். ஒரு வாக்குக்கு இரண்டாயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்கு 1,826 நாள். நாளொன்றுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு! அந்தக் காசுக்கு ஒரு தேநீர் கிடைக்குமா? ஆனால் அந்த ஒரு ரூபாய் பத்துக் காசுக்கு அவன் விற்பது எதை? ஊருக்கு வரவேண்டிய சாலையை, பள்ளிக்கு வரவேண்டிய ஆசிரியரை, மருத்துவமனைக்கு வரவேண்டிய மருந்தை, எல்லாவற்றுக்கும் மேலாக, "ஏன் செய்யவில்லை?" என்று கேட்கும் வாயை. கொடுப்பவன் கணக்கோ வேறு. அவனுக்கு அது முதலீடு. மணலில் எடுப்பான், ஒப்பந்தத்தில் எடுப்பான், பணியிட மாற்றத்தில் எடுப்பான். கொடுத்ததைப் பன்மடங்காக எடுப்பான். எடுத்த பணத்தில் கொடுக்கிறான். கொடுத்த பணத்துக்காக எடுக்கிறான். வாங்கிய கை தவறு செய்தது, மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய கையில் பசியின் வடு இருக்கிறது. கொடுத்த கையில் இருப்பது பேராசையின் மோதிரம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும் குரல், நீதியின் குரலன்று.

வாக்காளனை இப்படி மலிவாக்கியவர்கள், கட்சித் தொண்டனையும் மலிவாக்கினார்கள். தேர்தலில் நிற்பதா என்பதையே தொண்டனிடம் கேட்ட 1956 எங்கே? யார் நிற்பது என்பதைக்கூடத் தொண்டன் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் இன்றைய நாள் எங்கே? பெரம்பலூரையே பாருங்கள். 2019இல் உதயசூரியன் சின்னத்தில் வென்ற பாரிவேந்தர், 2024இல் அதே தொகுதியில் தாமரைச் சின்னத்தில் வந்து நின்றார். அந்த 2024இல் உதயசூரியன் சின்னத்தில் வென்ற அருண் நேரு, அப்போது அமைச்சராக இருந்த கே.என். நேருவின் மகன். ஒருவர் சின்னம் மாறினார். ஒருவருக்குச் சின்னம் வீட்டிலிருந்தே வந்தது. இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவைதாம். வாக்காளனுடைய கருத்தை எந்தக் கட்டத்தில் எவர் கேட்டார் என்பதுதான் என் கேள்வி.

மக்களைக் கேட்காமல் நடப்பது அவர்கள் வழக்கமாகிவிட்டது என்பதற்கு அரியலூரின் வரலாறே சான்று. 2001 சனவரி 1இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி மாறியது, 2002 மார்ச்சு 31இல் மாவட்டம் கலைந்து மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது. மறுபடி ஆட்சி மாறியது. 2007இல் மீண்டும் அரியலூர் மாவட்டம்! சாதிச் சான்றுக்கும் நிலப் பட்டாவுக்கும் அலுவலகம் தேடி அலைந்த குடியானவனை எவரேனும் கேட்டார்களா? சதுரங்கக் காயை நகர்த்துவதுபோல் ஒரு மாவட்டத்தை வைத்தார்கள், எடுத்தார்கள், வைத்தார்கள். அது மீண்டும் பிறந்த நாள் எது தெரியுமா? நவம்பர் 23. மருதையாற்றில் வண்டி விழுந்த அதே நாள்!

எல்லாரும் அப்படித்தானா என்று சோர்ந்துவிடாதீர்கள். 1962இல் இதே பெரம்பலூர்தான் இரா. செழியனை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. பிறகு கும்பகோணத்திலிருந்து சென்றபோது, 1971 முதல் 1973 வரை, பொதுக்கணக்குக் குழுவின் தலைவராக இருந்து ஆட்சியாளரின் செலவைத் தாள்தாளாகப் புரட்டியவர் அவர். நெருக்கடிநிலைக் கொடுமைகளை ஆராய்ந்த ஷா ஆணையத்தின் அறிக்கை கண்ணில் படாமல் மறைந்துபோனபோது, தம்மிடம் இருந்த படியைக் கொண்டு 2010இல் மீண்டும் அதை நூலாக வெளியிட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் கையில் தொகுதி மேம்பாட்டு நிதி என்று பணத்தைக் கொடுப்பதே தவறு, செலவைக் கண்காணிக்க வேண்டியவனே செலவு செய்பவனாகிவிடுவான் என்று எழுதினார். கணக்குக் கேட்பதை வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவரைக் கண்டெடுத்த ஊர் பெரம்பலூர். அது மக்களால் முடியாததன்று.

கணக்குக் கேட்பது தமிழ் மண்ணுக்குப் புதிதும் அன்று. அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அந்தச் சோழர் மரபில் முற்பட்டவன் முதலாம் பராந்தகன். அவன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏறத்தாழ 920ஆம் ஆண்டைச் சேர்ந்தது, குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கிறது. அந்தத் தேர்தலைக் கண்டு மெய்மறந்து போற்றுவோர் கூட்டத்தில் நான் இல்லை. அது பார்ப்பனர்க்குத் தானமாக வந்த ஊர். கால்வேலிக்கு மேல் இறைநிலமும் வேதக் கல்வியும் உடையவன் பெயர்தான் குடத்துக்குள் போகும். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும், பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அந்த அடைப்பை 1952 உடைத்தது, உடைந்தது நல்லது.

ஆனால் அந்தக் கல்லில் ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மீண்டும் குடத்தில் இடலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. கேட்டீர்களா? கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் பிள்ளையும் மைத்துனனும் நிற்க முடியாது! சாதிச் சுவரைச் சுற்றி எழுப்பிக்கொண்ட ஒரு சபைக்கே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தெரிந்த இந்த நேர்மை, அனைவருக்கும் வாக்குள்ள மக்களாட்சிக்கு ஏன் தெரியக்கூடாது? சுவரை இடித்த நாம், சுவரில் இருந்த அந்த ஒரு நல்ல கல்லை எடுத்து நம் வீட்டுக்கு வாயிற்படியாக வைத்துக்கொண்டால் என்ன?

எனவே கேட்கிறோம். தயவு என்று கேட்கவில்லை. உரிமை என்று கேட்கிறோம்.

பணப்பட்டுவாடாவுக்காக ஒரு தேர்தல் நீக்கப்பட்டால், உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் மூன்று மாதத்துக்குள் விசாரித்து, எவர் பொருட்டுப் பணம் பாய்ந்ததோ அவரை அந்த மறுதேர்தலிலிருந்தும், தொடர்ந்து ஆறாண்டுக்கும் விலக்க வேண்டும். கையூட்டுக்காகத் தேர்தலை நீக்கும் அதிகாரம் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

வேட்பாளருக்கு இருப்பதுபோல் கட்சிக்கும் செலவு வரம்பு வேண்டும். 1974இல் திறந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டும். கட்சிக்கு வரும் ஒவ்வொரு பெருந்தொகையும், கொடுத்தவன் பெயரோடு, வாக்குப்பதிவுக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

அமைச்சர், உறுப்பினர் மீதான வழக்குகளில் குற்றச்சாட்டு வனைந்த ஓராண்டுக்குள் தீர்ப்பு வேண்டும். 2014இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சொன்னதைச் செய்ய நீதிபதிகளும் மன்றங்களும் வேண்டும். தீர்ப்பு விரைந்தால் கைதைப் பதவிப்பறிப்பாக்கும் குறுக்குவழிக்கு வேலையில்லை.

ஆட்சியின் தவறால் மக்கள் மாண்டனர் என்று விசாரணை ஆணையம் சொன்னால், அத்துறை அமைச்சர் குறித்து அவையில் பெயர் சொல்லி வாக்கெடுப்பு நடக்க வேண்டும். அவரைக் காப்பாற்றக் கை தூக்குவோர் யார் யார் என்று அவரவர் தொகுதி தெரிந்துகொள்ளட்டும்.

நான்கே கோரிக்கைகள். இவற்றில் எது நடவாதது? எது நாட்டைக் குலைப்பது? எந்தக் கட்சியை மட்டும் தாக்குவது? எல்லாக் கட்சியையும் ஒன்றாகக் கட்டுவதால்தான் எல்லாக் கட்சியும் ஒன்றாக மௌனம் சாதிக்கின்றன. அவையிலே எலியும் பூனையுமாக இருப்போர், இந்த ஒன்றில் மட்டும் மாமன் மைத்துனர்!

ஆகவே, பெரம்பலூர், அரியலூர் மக்களே, வாக்குக் கேட்டு வருவோரிடம், எக்கொடியோடு வந்தாலும், ஒரே கேள்வியை வையுங்கள்: "இந்த நான்கிலும் உன் கட்சியின் கையொப்பம் உண்டா?" உண்டு என்றால் உட்காரச் சொல்லிப் பேசுங்கள். இல்லை என்றால், அவன் நீட்டும் உறையை அவன் கையிலேயே திருப்பி வைத்து, "ஒரு ரூபாய் பத்துக் காசு எனக்குப் போதாது" என்று சொல்லி அனுப்புங்கள்.

மருதையாறு இன்னும் ஓடுகிறது. அதன்மேல் வண்டிகளும் ஓடுகின்றன. சீட்டு வாங்கி ஏறுபவன், பாலம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இன்றும் உறங்குகிறான். வாக்குச்சீட்டும் அப்படிப்பட்ட சீட்டுத்தான். பாலத்தைப் பார்த்து வைப்பது எவன் கடமை என்று கேட்க, இனியொரு வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.